மின்னலின் குரலும் மின்கம்பியின் இரைச்சலும்: சென்னையின் மேற்குப் புறநகரில் தாழ் அதிர்வெண் சமிக்ஞைகளைப் பகுத்தறிதல்

மின்காந்த அலை என்ற சொல்லைக் கேட்டதும் கைபேசிக் கோபுரமும் வானொலி நிலையமும் நினைவுக்கு வருவது இயல்பே ஆயினும், மனிதன் முதல் ஒலிபரப்பியைக் கட்டுவதற்கு முன்பிருந்தே இயற்கை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஒலிபரப்பின் பெரும்பகுதி நொடிக்கு 30,000 அதிர்வுகளுக்குக் கீழே, அதாவது 30 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே நிகழ்கிறது. ஓர் அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தொலைவை அலைநீளம் என்பர். 30 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10 கிலோமீட்டர், 8 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ ஏறத்தாழ 37,500 கிலோமீட்டர், அதாவது பூமியின் சுற்றளவுக்குச் சற்றே குறைவு. இத்தகைய அலைகளைப் பிடிப்பதற்கு வேண்டிய கருவி எளியது, அவற்றிலிருந்து பொருள் காண்பதுதான் கடினம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய மேற்குப் புறநகரில் அக்கடினம் எங்கே பிறக்கிறது, அதை வெல்ல முன்னோர் கையாண்ட வழி எது என்பதே இச்சொற்பொழிவின் பொருள்.

இந்த அலைகளின் தலையாய ஊற்று மின்னல். செயற்கைக்கோள் கணக்கின்படி உலகம் முழுவதிலும் சேர்த்து நொடிக்குச் சராசரியாக 44 மின்னல்கள் வெட்டுகின்றன. ஒவ்வொரு வெட்டும் பல கிலோமீட்டர் உயரமுள்ள ஒரு கணநேர ஆன்டெனாவாக நின்று, பத்தாயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைச் சுமந்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும் ஒரு துடிப்பை வெளியிடுகிறது. அறிவியலார் 'ஸ்பெரிக்' என்று பெயரிட்டிருக்கும் அத்துடிப்பின் ஆற்றல் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் மிகுந்திருக்கும் எனினும், அதன் சிதறல் மத்திய அலை வானொலி வரை எட்டும். ஆடி, ஆவணி மாதங்களில் திருத்தணி, அரக்கோணம் பக்கமாக மதியத்துக்குப் பின் திரளும் இடிமேகம் மாலையில் கிழக்கு நோக்கி நகர்ந்து கடற்கரையை எட்டுமுன் திருவள்ளூரையும் ஆவடியையும் பூந்தமல்லியையும் நனைத்துவிட்டே செல்லும் என்பது இப்பகுதியினர் அறிந்தது. மேற்கு வானம் கறுக்கத் தொடங்கும் அவ்வேளையில், இடியோசை காதுக்கு எட்டாத தொலைவிலேயே, பழைய வானொலிப் பெட்டி கரகரக்கத் தொடங்கிவிடும். அந்தக் கரகரப்பை நிகழ்ச்சியைக் கெடுக்கும் தொல்லை என்று கருதி வானொலியை அணைத்தவர்கள், திருத்தணி மலைக்கு மேல் வெட்டிய மின்னலின் நேரடி அறிவிப்பைக் கேட்டுவிட்டே அணைத்திருக்கிறார்கள்.

ஸ்பெரிக் வெகுதொலைவு செல்வதற்குக் காரணம் வானத்தில் உள்ள ஒரு கூரை. தரைக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தொடங்கும் அயனிமண்டலத்தில், சூரிய ஒளியால் காற்றின் அணுக்கள் மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிந்து கிடப்பதால், அது தாழ் அதிர்வெண் அலைகளைத் தரைநோக்கித் திருப்பிவிடுகிறது; தரையும் அவ்வாறே மேல்நோக்கித் திருப்புவதால், இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி ஒரு நீண்ட குழாயைப் போல அலைகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடத்திச் செல்கிறது. பகலில் இக்கூரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உயரத்திலும் இரவில் 85 கிலோமீட்டருக்குச் சற்று மேலும் இருக்கும். கூரையின் உயரம் அலைநீளத்தில் பாதிக்குக் குறைவாக இருந்தால் மேலும் கீழும் எதிரொலித்துச் செல்லும் அலை முன்னேற முடியாது என்பதால், இரவில் ஏறத்தாழ 1,750 ஹெர்ட்ஸில் ஓர் எல்லை உருவாகிறது. அவ்வெல்லையை ஒட்டிய அதிர்வுகள் மற்றவற்றுக்குப் பின்தங்கி வருவதால் வெறும் 'டிக்' என்று ஒலிக்க வேண்டிய துடிப்பு 'ட்யூங்' என்று இழுபட்டு ஒலிக்கிறது. 'ட்வீக்' எனப்படும் இவ்வொலியின் அடி அதிர்வெண்ணை அளந்து, ஒளியின் வேகத்தை அதன் இருமடங்கால் வகுத்தால், அந்த இரவில் அயனிமண்டலம் எவ்வளவு உயரத்தில் நின்றது என்பது கிடைத்துவிடும். மொட்டை மாடியில் ஒரு கம்பிச்சுருளும் ஒரு கணினியும் வைத்திருக்கும் மாணவர், 85 கிலோமீட்டர் உயரத்தை ஏணியோ ஏவுகணையோ இன்றி அளக்க முடிகிறது என்பது இத்துறையின் பேரழகு.

இன்னும் கீழே சென்றால், அலை உலகைச் சுற்றிவந்து தன்னையே சந்திக்கும் பகுதி வருகிறது. நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும் அலை 40,000 கிலோமீட்டர் சுற்றளவை நொடிக்கு ஏழரை முறை சுற்றிவரும். ஆகவே அந்த அதிர்வெண்ணை ஒட்டி, தட்டிய மணி தனக்குரிய சுருதியில் ஒலிப்பதைப் போல, பூமிக்கும் அயனிமண்டலத்துக்கும் இடைப்பட்ட வெளி முழுவதுமே ஒலிக்க வேண்டும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் வின்ஃப்ரீட் ஓட்டோ ஷூமன் 1952இல் கணித்தார். 1960இல் பால்சர், வாக்னர் ஆகிய இருவர் அதை அளந்து உறுதிசெய்தனர். ஷூமன் ஒத்ததிர்வு என இன்று அழைக்கப்படும் அதன் முதற்சுருதி 7.8 ஹெர்ட்ஸ் அளவிலும், அடுத்தவை 14, 20, 27, 33 ஹெர்ட்ஸை ஒட்டியும் அமைகின்றன. இம்மணியை அடிப்பவை மூன்று கண்டங்களின் பிற்பகல் இடிமழைகள். தென்கிழக்காசியாவின் மின்னல் இந்திய நேரப்படி பிற்பகல் ஒன்றரை மணி வாக்கிலும், ஆப்பிரிக்காவின் மின்னல் இரவு ஏழரை மணி வாக்கிலும், அமெரிக்கக் கண்டங்களின் மின்னல் நள்ளிரவுக்குப் பின் ஒன்றரை மணி வாக்கிலும் உச்சம் பெறுகின்றன. எனவே ஆவடியில் இருந்தபடியே காங்கோ வடிநிலத்தில் அன்று மழை எவ்வளவு கொந்தளித்தது என்று கணிப்பது கோட்பாட்டளவில் இயலும்.

கோட்பாட்டளவில் என்று சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. ஷூமன் அலையின் காந்தப்புலம் ஒரு பிக்கோடெஸ்லா அளவுடையது. பூமியின் நிலையான காந்தப்புலத்தில் அது நான்கு கோடியில் ஒரு பங்கு. பக்கத்துக்கு ஒரு மீட்டர் கொண்ட சதுரச் சட்டத்தில் ஆயிரம் சுற்றுக் கம்பி சுற்றி வைத்தால், ஷூமன் அலை அதில் தூண்டும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் இரண்டு கோடியில் ஒரு பங்கு மட்டுமே. அதே சட்டத்தை வீட்டுக்குள் வைத்தால், சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் புலம், 100 நானோடெஸ்லா என்று மிதமாகவே கொண்டாலும், அதைவிட ஆறு லட்சம் மடங்கு மின்னழுத்தத்தைத் தூண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத்துப் பட்டறைகளும் வார்ப்பகங்களும் வெல்டிங் கூடங்களும், ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் 25,000 வோல்ட் ரயில் பாதையும், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்களும் இந்த 50 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுவதில்லை. 100, 150, 250, 350 என்று அதன் மடங்குகளையும் வரிசையாக எழுப்பி, பல கிலோஹெர்ட்ஸ் வரை வேலி கட்டிவிடுகின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகும் ஒரு கன்டெய்னர் லாரியின் இரும்பு உடலே, அருகில் உள்ள காந்தமானியில் மெல்ல எழுந்து தணியும் ஒரு மேட்டை வரைந்துவிட்டுப் போகும்.

நகர இரைச்சலுக்கும் இயற்கைக் குரலுக்கும் இடையிலான இப்போராட்டம் இந்தியாவில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சென்னையில், நுங்கம்பாக்கத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் 1846 முதல் 1850 வரை எடுத்த காந்த அளவீடுகள், டபிள்யூ. எஸ். ஜேக்கப் மேற்பார்வையில் நூலாகவே அச்சாயின. பம்பாயின் கொலாபா ஆய்வகமும் 1840களிலிருந்து காந்த அளவீடுகளைத் தொடர்ந்து குறித்துவந்தது. 1859 செப்டம்பர் 2ஆம் நாள், வரலாற்றில் பதிவான சூரியப் புயல்களில் மிகக் கடுமையானது பூமியைத் தாக்கியபோது, கொலாபாவின் கிடைமட்டக் காந்தப்புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா சரிந்தது; நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அப்புயலின் வலிமையை மதிப்பிட முனைந்த ஆய்வாளர்கள் அந்தப் பம்பாய்ப் பதிவையே தேடிச்சென்றனர். அத்தகைய பெருமைக்குரிய ஆய்வகத்தின் வாசலுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார டிராம் வரப்போவது உறுதியானது. சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கியிருந்தது. தண்டவாளத்திலிருந்து மண்ணுக்குள் கசியும் மின்னோட்டம் காந்த அளவீட்டைப் பாழாக்கிவிடும் என்பது அன்றைய ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

கொலாபாவின் இயக்குநராக இருந்தவர் நானாபாய் மூஸ். அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அவர் காலத்தில் பம்பாய்க்குத் தெற்கே, கடலுக்கு அப்பால், அலிபாக்கில் புதிய காந்த ஆய்வகம் எழுப்பப்பட்டு 1904இல் செயல்படத் தொடங்கியது. ஆயினும் புதிய இடம் கிடைத்த மறுநாளே பழைய இடம் மூடப்படவில்லை. 1904 முதல் 1906 வரை இரண்டு ஆய்வகங்களும் ஒரே காலத்தில் அளந்துகொண்டே இருந்தன. ஒரே புயலை இரண்டு இடங்களும் எவ்வளவு வேறுபாட்டோடு காட்டுகின்றன என்பது இவ்விணைப் பதிவால் தெரிந்தது. அதனால்தான் 1840களில் தொடங்கிய கொலாபா வரிசையையும் இன்றுவரை தொடரும் அலிபாக் வரிசையையும் ஒரே நீண்ட சங்கிலியாகக் கோக்க முடிந்தது. கொலாபாவின் 1846 முதல் 1905 வரையிலான பதிவுகளை மூஸ் 1910இல் இரு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். அவர் செய்தவற்றுள் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், இரண்டாண்டு இணைப் பதிவைத்தான் சொல்ல வேண்டும். ஓரிடத்துப் பதிவு ஒரு செய்தியைச் சொல்லும். அச்செய்தி வானத்தினுடையதா, பக்கத்துத் தெருவினுடையதா என்பதை இரண்டாம் இடத்துப் பதிவு வந்துதான் சொல்ல வேண்டும்.

அதே கொள்கையின் மிக அழகிய பயன் தென்தமிழகத்தில் காணக்கிடைக்கிறது. பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு முற்றிலும் கிடைமட்டமாக அமையும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனை வழியாகச் செல்கிறது; விக்ரம் சாராபாய் 1963இல் முதல் ராக்கெட்டை ஏவுவதற்குத் தும்பாவைத் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். அந்நடுக்கோட்டுக்கு மேலே 100 கிலோமீட்டருக்குச் சற்று உயரத்தில், பகலில் மட்டும், கிழக்கு நோக்கி ஒரு குறுகிய மின்னோட்டப் பட்டை ஓடுகிறது. நடுக்கோட்டுத் தாரை மின்னோட்டம் எனத்தகும் அதன் அகலம் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் ஏறத்தாழ மூன்று பாகை. இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகில் நடத்தும் ஆய்வகம் அப்பட்டையின் நேர் கீழே உள்ளது. அலிபாக் அதற்கு வெளியே உள்ளது. திருநெல்வேலியின் பகல்நேரக் காந்த மாற்றத்திலிருந்து அலிபாக்கின் மாற்றத்தைக் கழித்தால், இரண்டு இடங்களுக்கும் பொதுவான சூரியப் புயல் முதலிய விளைவுகள் நீங்கி, தாரை மின்னோட்டத்தின் வலிமை மட்டும் எஞ்சி நிற்கிறது. தொடக்கப்பள்ளிக் கழித்தல் கணக்கு ஒன்றால், எட்டமுடியாத உயரத்தில் ஓடும் ஆற்றை நாள்தோறும் அளக்கிறார்கள்.

சென்னை அப்பட்டைக்கு வடக்கே, விளிம்புக்கு வெளியே உள்ளது. இங்கே காந்தக் கோடுகள் கிடைமட்டத்தை ஒட்டியே கிடப்பதால், அவற்றைப் பற்றிக்கொண்டு விண்வெளிக்குச் சென்று மறு அரைக்கோளத்தில் இறங்கும் 'விசிலர்' எனப்படும் சீழ்க்கை அலைகளை, முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் பார்க்ஹவுசன் போர்முனைத் தொலைபேசிக் கம்பிகளில் கேட்டதைப் போல, இங்கே எதிர்பார்ப்பது வீண். நைனிடாலிலும் வாரணாசியிலும் பதிவானவற்றை நம்பி அம்பத்தூரில் காத்திருப்பவர் ஏமாறுவார். மாறாக ட்வீக் இங்கே தாராளமாகக் கிடைக்கும். இன்னொரு வாய்ப்பும் உண்டு: நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்புகொள்வதற்காக 1990இல் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் கடற்படை நிறுவிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அது மனிதன் ஏற்றிய விளக்கே ஆயினும், ஏறத்தாழ 580 கிலோமீட்டர் கடந்து ஆவடிக்கு வரும் வழியில் அயனிமண்டலத்தைத் தொட்டே வருவதால், சூரியனில் ஒரு வெடிப்பு நிகழ்ந்து எக்ஸ் கதிர்கள் பூமியை எட்டிய சில நிமிடங்களில் அவ்விளக்கின் ஒளி மாறுவதைப் பதிவில் காணலாம்.

இனி, இரைச்சலுக்குள்ளிருந்து இயற்கையை எடுக்கும் முறை. பதிவான அலையை அதிலடங்கிய அதிர்வெண்களாகப் பிரித்துக்காட்டும் கணக்கு முறைக்கு ஃபூரியே உருமாற்றம் என்று பெயர்; பிரித்தவற்றை நேரப்போக்கில் அடுக்கி வரைந்த படம் நிறமாலைப் படம். அப்படத்தில் இயந்திரத்தின் சுவடு ஊசியைப் போல மெல்லிய நேர்கோடாக இருக்கும். ஷூமன் அலையின் சுவடோ, ஆற்றல் விரைவில் கரைந்துபோகும் மணியின் சுருதி என்பதால், ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் அகலமுள்ள தாழ்ந்த மேடாக இருக்கும். பத்து நொடிப் பதிவை ஒரு துண்டாக எடுத்தால் பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் வரை பிரித்தறியலாம் என்பதால் மேட்டையும் ஊசியையும் குழப்பிக்கொள்ள நேராது. அருகில் வெட்டும் ஒரு மின்னல் ஒரு துண்டை முழுவதும் மூழ்கடித்துவிடும் ஆதலால், துண்டுகளின் சராசரியை எடுக்காமல், அவற்றை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்கும் மதிப்பை எடுப்பதே சரி. இந்தச் சிறு மாற்றத்தைச் செய்யாததால் வீணான பதிவுகள் பல.

50 ஹெர்ட்ஸை நீக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. அது 50ஆகவே நிற்பதில்லை. மின்தொகுப்பின் விதிகள் 49.90 முதல் 50.05 வரை அசைவதை அனுமதிக்கின்றன. அதன் நாற்பதாவது மடங்கு 2,000 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது ட்வீக் ஒலிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆறு ஹெர்ட்ஸ் வரை அலையும் என்பதால், ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் வடிகட்டி அதைப் பிடிக்காது. ஆயினும் 2013 டிசம்பர் 31இல் தென்னக மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைக்கப்பட்டபின், காஷ்மீரம் முதல் குமரி வரை ஒரே தாளத்தில் மின்சாரம் அதிர்கிறது. ஆகவே சுவரில் உள்ள பிளக்கிலிருந்தே ஒரு சிறு மின்மாற்றி வழியாக அத்தாளத்தைத் தனிப்பதிவாக எடுத்து, அதற்கேற்ப இரைச்சலின் மாதிரியை நொடிக்கு நொடி திருத்திக் கழித்துவிடலாம். இரைச்சலை வெறுத்து ஒதுக்காமல் முழுமையாக அறிந்தவருக்கே அதை நீக்குவது கைகூடும்.

ஓரிடத்துப் பதிவை மட்டும் நம்பியதன் விளைவுக்குப் புகழ்பெற்ற சான்று 1989 அக்டோபர் 17இல் கலிஃபோர்னியாவைத் தாக்கிய லோமா பிரியேட்டா நிலநடுக்கம். நடுக்க மையத்துக்கு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டரில் தற்செயலாக இயங்கிக்கொண்டிருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஒற்றைக் காந்தமானி, முன்னறிவிப்பைப் போல ஓர் எழுச்சியைக் காட்டியதாக 1990இல் வெளியான கட்டுரை, உலகெங்கும் நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையை விதைத்தது. 2009இல் வெளியான மறுஆய்வுகள் தொலைதூர ஆய்வகங்களின் பதிவுகளோடு அதை ஒப்பிட்டு, உலகளாவிய காந்தக் கொந்தளிப்பும் கருவிக் கோளாறுமே அதற்கு விளக்கமாகப் போதும் என்று காட்டின. 2004 ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்த ஒரு கடற்கரையில், மின்காந்தச் சமிக்ஞையைக் கொண்டு நிலநடுக்கத்தை முன்னறியலாம் என்று உறுதி கூறுவது பெரும் பொறுப்பின்மை. மின்னலைப் பொறுத்தவரை நிலைமை வேறு: பூனாவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், நாடெங்கும் உள்ள உணர்விகளில் ஒரே துடிப்பு வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு, 'தாமினி' செயலி வழியாக எச்சரிக்கை தருகிறது. அங்கே நம்பகத்தன்மையைத் தருவது ஒரு நிலையமன்று, பல நிலையங்களின் ஒப்பீடு.

மேற்குப் புறநகரில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் இரண்டு ஒன்றுசேர்ந்து, அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பிச்சுருளும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு அப்பால், மின்கம்பிகள் அருகிய வெளியில், அதே அளவுள்ள மற்றொன்றும் அமைத்து, இரண்டுக்கும் ஜிபிஎஸ் நேரம் பொருத்திப் பதிவுசெய்தால், மூஸ் காட்டிய வழி இங்கே மறுபடி தொடங்கும். ட்வீக்கையும் விஜயநாராயணத்தையும் கேட்க, நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கணினியின் ஒலி அட்டையே போதும். அதற்கு ஒரு சுருளுக்கு நாளொன்றுக்கு 8 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் இடம் வேண்டும். ஷூமன் அலைக்கு ஒலி அட்டை உதவாது, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது செவிடு. ஆனால் அலையை எண்களாக்கி நொடிக்கு 200 மாதிரிகள் எடுக்கும் தனி மாற்றி ஒன்று இருந்தால், ஓராண்டுப் பதிவே 13 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

தொடங்குவதற்கு நல்ல நாள் எது என்பதை மின்வாரியமே முன்கூட்டி அறிவிக்கிறது. துணைமின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை என்று நாளிதழில் வரும் பட்டியலில் தத்தம் பகுதி இடம்பெறும் நாளில், மற்றவர்கள் மின்விசிறி நின்றதற்காகச் சலித்துக்கொள்ளும் அந்த ஐந்து மணி நேரத்தில், தெருவின் இரைச்சல் பெருமளவு அடங்கியிருக்கும். தென்கிழக்காசிய மின்னல் உச்சம் பெறும் ஒன்றரை மணியும் அதற்குள்ளேயே வருகிறது. மாணவர்கள் அன்று வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, மின்கலத்தில் இயங்கும் பதிவுக் கருவியை மொட்டை மாடியில் வைத்து, அதே நேரத்தில் ஏரிக்கரையிலும் ஒருவரை அமர்த்தி, இரண்டு பதிவுகளையும் திருத்தாமல், நேரக் குறிப்போடு, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும்.